பஜார் தெருவின் சிவப்புக் கோடு

ஏலவார்குழலி காலையில் கடையைத் திறக்க வந்தபோது சுவரில் சிவப்புக் கோடு இருந்தது.

நெஞ்சு உயரத்தில், நூல் பிடித்ததுபோல நேராக, பக்கத்துத் தையல் கடையிலிருந்து வந்து அவளுடைய டிபன் கடைச் சுவரில் ஏறி, மூலை திரும்பி, பேருந்து நிலையத்தைப் பார்த்த பெரிய சுவரின் கடைசிவரை போயிருந்தது. கோட்டின் மேல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெருக்கல் குறிகள். தெருவின் மறுகோடியை எட்டிப் பார்த்தாள். பூக்கடை, சைக்கிள் கடை, பாத்திரக் கடை, எல்லாச் சுவரிலும் அதே கோடு.

கையிலிருந்த மாவுக் குண்டானைக் கீழே வைத்தாள்.

அந்தச் சிவப்பு அவளுக்குப் பழக்கமானது. ஒரகடம் பக்கத்தில் அவர்களுக்கு நிலம் இருந்த காலத்தில், ஒரு நாள் பம்ப்செட் அறைச் சுவரில் இதே நிறத்தில் ஒரு கோடும் ஒரு பெருக்கல் குறியும் இருந்தன. என்ன என்று கேட்டதற்குத் தண்ணீர்க் குழாய் வரப்போகிறது என்றார்கள். அப்புறம் டேப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அப்புறம் நோட்டீஸ் வந்தது. இப்போது அந்த இடத்தில் காருக்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி நிற்கிறது. அவள் கணவன் பழனிவேல் அதே கம்பெனி வாசலில் நீல உடுப்புப் போட்டு செக்யூரிட்டியாக நிற்கிறான். நிலம் போன பிறகு அவர்கள் பேரில் மிஞ்சியது ஸ்ரீபெரும்புதூர் பஜார் தெருவில் இந்த மூலைக் கடை ஒன்றுதான். இதுவும் போனால் கையில் இருக்கும் கரண்டிதான் சொத்து.

தெருமுனையில் ஒருவன் முக்காலி மேல் நின்று நூலைச் சுற்றிக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். விரலெல்லாம் சிவப்பு.

"யாருப்பா நீ? என் செவுத்துல எவன் கோடு போடச் சொன்னான்?"

"மோகன்ராஜ் அண்ணாச்சிதான்க்கா. படம் வரையப் போறோம்லா, அதுக்கு அளவு." அவன் இறங்கி வந்தான். பேச்சிலேயே தெற்கத்திக்காரன் என்று தெரிந்தது. "எம்பேரு இசக்கிபாண்டி. இருங்காட்டுக்கோட்டையில ரூம் எடுத்திருக்கேன்."

"இன்னா படம்?"

"உங்க கோயில் தேருதான். இந்தக் கோடு இருக்குல்லா, இதுதான் வடம். தெரு பூரா ஓடும். பெருக்கல் போட்டிருக்கதெல்லாம் கை வார இடம். ஒவ்வொரு கடை முன்னாடியும் அந்தக் கடைக்காரவ வடம் பிடிச்சு இழுக்கிற மாதிரி வரும். உங்க பெரிய செவுத்துலதான் தேரே நிக்கி."

"வடமா?" என்றாள் அவள். "அன்னிக்கும் பைப்பு லைனுன்னுதான் சொன்னானுங்க."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சும்மா சிரித்து வைத்தான். அப்போதுதான் அவன் போட்டிருந்த சாம்பல் நிறச் சட்டையைப் பார்த்தாள். பைக்கு மேல் தைத்திருந்த சின்னம் சாயம் போயிருந்தது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது. பழனிவேல் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகும் பாஸில் இருப்பதும் அதே சின்னம்தான்.

அவள் குண்டானை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அது இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் வருடம், பங்குனி மாதம். பஜார் தெரு அப்போது மெலிந்து போயிருந்தது. வேலைக்கு வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சுற்றுவட்டாரத்தில் தங்கியிருந்தார்கள். ஆனால் ஷேர் ஆட்டோ அவர்களை ஹைவேயில் ஏற்றி ஹைவேயிலேயே இறக்கிவிடும். சோப்பு, சீப்பு, சட்டை எல்லாம் அங்கேயே பெரிய கண்ணாடிக் கடைகளில் கிடைத்துவிடும். இங்கே பொழுது சாய்ந்ததுமே ஷட்டர்கள் இறங்கத் தொடங்கும்.

இதற்கு ஒரு வழி என்று வியாபாரிகள் சங்கத் தலைவர் மோகன்ராஜ்தான் ஒரு யோசனை சொன்னார். பாத்திரக் கடைக்காரர், நாலு இடம் போய் வருகிறவர். தெரு முழுக்க ஒரே படமாக வரைவது. கம்பெனிகளுக்கு லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ராத்திரி ஒன்பதுவரை கடையைத் திறந்து வைப்பது. ஒவ்வொரு கடைக்காரரும் வாசலில் ஒரு விளக்குப் போடுவது. ஒருவர் கடைக்கு வந்தவரை அடுத்த கடைக்கும் கைகாட்டி அனுப்புவது. "ஒருத்தன் படத்த போட்டோ புடிக்க வருவான். வந்தவன் சும்மா போவானா? ஒரு தோசையாச்சும் துன்னுட்டுப் போவான்" என்று அவர் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். ஏலவார்குழலியும் தட்டினாள். கோட்டைப் பற்றி அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

கோடு வந்த அன்று டிபன் நேரம் முடிந்ததும் நேராகப் பாத்திரக் கடைக்குப் போனாள்.

"இன்னாப்பா மோகன்ராஜு, தெரு நீளத்துக்குப் பெயிண்டு வாங்கணுமே, யாரு குடுக்கிறா?"

"எல்லாம் பெருமாள் புண்ணியத்துல வருதுக்கா. நீ இன்னாத்துக்கு அதெல்லாம் யோசிச்சுக்கினு கீற?" என்று சொன்னவர், வராத ஒரு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

சந்தேகம் பொல்லாதது என்று சொல்வது எளிது. ஒருமுறை கை சுட்டவளிடம் போய் அதைச் சொல்லக் கூடாது. அவளுக்கு அன்று முழுவதும் தோசைக் கல்லில் கண் நிற்கவில்லை. தெருவில் யார் நின்றாலும் எதையோ அளப்பதாகவே பட்டது.

அதற்கேற்றாற்போல் மறுநாள் ஒரு வெள்ளைக் கார் வந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் இறங்கினார். மோகன்ராஜ் அவருக்குக் குடை பிடிக்காத குறையாகக் கூட நடந்தார். அந்த மனிதர் எதிர்ப்பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் சட்டம்போல விரித்து, அவளுடைய பெரிய சுவரைச் சுட்டிக்காட்டி என்னவோ சொன்னார். மோகன்ராஜ் தலையாட்டினார். பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஷிப்ட் முடிந்து சாப்பிட வந்த பழனிவேல், உள்ளே உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தான்.

"இந்த ஆளு எங்க கம்பெனி ஆளாச்சே."

"நல்லாத் தெரியுமா?"

"தினம் கார் கதவ நான்தானே செக் பண்ணி வுடறேன். ஆபீசரு. ஊருக்கு நல்லது செய்யற டிபார்ட்மென்ட்டுன்னு சொல்லுவாங்க."

"ஊருக்கு நல்லது!" என்றாள். சாம்பாரைப் பாதி தட்டிலும் பாதி மேசையிலும் ஊற்றினாள். "செவப்புக் கோடு, கம்பெனிச் சட்டை, இப்ப கம்பெனி ஆபீசரு. படமாம் படம். ரோட்டை அகலம் பண்ணப் போறானுங்க. நம்ம வாயில மண்ணு."

"அவசரப்படாதே. கேட்டுப் பார்ப்போம்."

"அன்னிக்கும் நீ இதையேதான் சொன்ன."

பழனிவேல் தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினான். அவள் சொன்னது நிஜம்தான்.

மத்தியானம் தெரு ஓய்ந்த நேரத்தில் அவள் சுண்ணாம்பைக் குழைத்தாள். ஒட்டுவதற்காகக் காலையில் வடித்த கஞ்சியை அதில் ஊற்றினாள். தென்னைமட்டை பிரஷ்ஷால் தன் சுவரில் ஒரு முனையிலிருந்து தொடங்கினாள். தையல் கடைத் தாவீது கத்தரிக்கோலோடு வெளியே வந்து நின்றார்.

"இன்னாக்கா, பொங்கல் முடிஞ்சு மாசம் ரெண்டாச்சு. இப்ப வெள்ளையடிக்கிற?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்ப்பக்கத்திலிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்த பூக்கடைப் பாப்பம்மாள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுடைய தம்பியின் வீடும் அப்படிப்பட்ட ஒரு கோட்டில்தான் போனது. பயம் சொல்லி வருவதில்லை. கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்பு வாளி கைமாறிக் கைமாறித் தெருவைச் சுற்றியது. தேநீர் நேரத்துக்குள் பஜார் தெருவில் கோடு இருந்த இடம் தெரியவில்லை. மோகன்ராஜின் கடைச் சுவரில் மட்டும் அது தனியே நின்றது.

மறுநாள் காலை இசக்கிபாண்டி வந்தான். முக்காலியைத் தோளில் வைத்தபடியே தெருவை இரண்டு முறை மேலும் கீழும் நடந்தான். கத்துவான் என்று ஏலவார்குழலி காத்திருந்தாள். பதில்கூட வைத்திருந்தாள். அவன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ரெண்டு தோசை போடுங்கக்கா."

போட்டாள். சட்னியைத் தள்ளி வைத்தாள். அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு சொன்னான்:

"சுண்ணாம்ப நல்லாத்தான் இழுத்திருக்கீய. கஞ்சி ஊத்தினியளோ? இது மேல பெயிண்ட் நிக்காது, பொரிஞ்சு வந்திரும். பூராத்தையும் சுரண்டணும்."

"என் செவுத்துல கை வெச்சே, கரண்டி பேசும்."

"உங்க செவுத்த நான் தொடலக்கா. நீங்க சொல்லுத வரைக்கும் தொடமாட்டேன்."

தாவீதிடம் போய்க் கேட்டான். தாவீதுக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. நேற்று வெள்ளையடித்ததும் அதனால்தான். "சுரண்டிக்கோ தம்பி. எனக்கு வாடகைக் கடைதானே. இடிச்சா மெஷினைத் தூக்கிக்கினு போயிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

இசக்கிபாண்டி பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தான். சுவரில் கை வைக்கும் முன் நின்று காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தான். பிறகு ஏலவார்குழலி வாசலில் வைத்திருந்த குடிதண்ணீர் டிரம்மைப் பார்த்தான். தன் பையிலிருந்து துவைத்து மடித்த ஒரு போர்வையை எடுத்துக் குழாயடியில் நனைத்து வந்து, டிரம்மையும் அதற்குப் பக்கத்தில் இருந்த தட்டுகளையும் மூடி, நான்கு முனையையும் இழுத்துக் கட்டினான்.

"இன்னா பண்ற?"

"சுண்ணாம்புத் தூசி பறக்கும்லா. சாப்பிடுத இடம்." இவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டுத் தேய்க்கப் போய்விட்டான்.

அவள் அடுப்பின் பின்னால் நின்றபடி அந்த ஈரப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி போர்த்திக்கொள்வது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கு நிலம் அளக்க வந்தவர்கள் நாற்றங்காலுக்குள் ஷூ காலோடு நடந்தார்கள். அவள் சத்தம் போட்டபோது, எப்படியும் போகப்போகிற நாற்றுதானே என்று ஒருவன் சிரித்தான். பறிக்க வருகிறவன் தண்ணீரை மூட மாட்டான். இது சாட்சி ஆகாதுதான். கோர்ட்டில் நிற்காதுதான். ஆனால் கடவுள் பல சமயம் இவ்வளவு சின்னதாகத்தான் பேசுகிறார். நமக்குக் காது இருந்தால் சரி.

டீயை ஆற்றிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் வைத்தாள்.

"அந்தக் கம்பெனியிலயா வேலை செய்யற?"

"செஞ்சேன். காண்ட்ராக்ட். ஆள் குறைச்சப்ப முதல்ல எங்களைத்தான் அனுப்புனாவ. சட்டை மட்டும் மிச்சம்." சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "ஊர்ல செவுத்து விளம்பரம் எழுதுவேன். அத வெச்சுத்தான் அண்ணாச்சி கூப்பிட்டாவ."

"பெயிண்டு யாரு குடுக்கிறா? நெஜத்தைச் சொல்லு."

அவன் வியப்போடு பார்த்தான். "கம்பெனிக்காரவதான். அண்ணாச்சி உங்ககிட்ட சொல்லலியா?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

மோகன்ராஜ் எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "வாக்கா, உக்காரு."

"உக்கார வரல. பெயிண்டு எங்கேர்ந்து வருது?"

"அதான் சொன்னேனே, பெருமாள்…"

"பெருமாளுக்கு எந்த கேட்ல பாஸு போட்டுக் குடுத்தாங்க? எங்க வூட்டுக்காரரு நிக்கிற கேட்லயா?"

மோகன்ராஜின் கையிலிருந்த டம்ளர் அடுக்கில் ஏறவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னா நீ ஒத்துப்பியாக்கா? இந்தத் தெருவுல பாதி பேரு அந்தக் கம்பெனிக்கும் பக்கத்துக் கம்பெனிக்கும் நெலம் குடுத்தவங்க. அவங்க பெயிண்டுன்னா எவன் செவுத்தைக் காட்டுவான்? எனக்கு வேற வழி தெரியல. கடையைத் திறந்து வெச்சுக்கினு ஈ ஓட்டிக்கினு கீறேன்."

"கோபுரத்து மேல ஏறி நின்னு, மந்திரத்தை ஊருக்கே சொன்னவரு பொறந்த ஊரு இது. நரகத்துக்குப் போனாலும் பரவால்லன்னு ஒளிக்காம சொன்னாரு. நீ இன்னாடான்னா பெயிண்டு டப்பாவ ஒளிச்சுக்கினு கீற."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு அதற்கு மேல் திட்ட வரவில்லை.

"ரோடு அகலம் பண்றாங்களா?"

"சத்தியமா இல்லக்கா. அந்தக் கோடு வடம்தான்." பிறகு, அவள் கேட்காமலேயே சொன்னார்: "ஆனா ஒண்ணு கீது. அதையும் சொல்லிடறேன். உன் பெரிய செவுத்துல, தேருக்குக் கீழ, அவங்க கம்பெனி பேரைப் பெருசா எழுதணுமாம். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து தெரியறது உன் செவுரு ஒண்ணுதான். அதுக்குத்தான் பெயிண்டு."

ஏலவார்குழலி வெளியே பார்த்தாள். தன் சுவர், தான் அடித்த வெள்ளையோடு வெயிலில் கண் கூசியது.

"ஒரு தடவை எழுதிட்டாங்க, நெலத்துல. இன்னொரு தடவை எழுத வுடமாட்டேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அந்த ஆபீசர் வந்துவிட்டார். விஷயம் அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது; எல்லோரும் மூலையில் கூடியிருந்தார்கள். அவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"பேர் இல்லாம மேல அப்ரூவல் கிடைக்காதும்மா. வேற சுவர்ல போட்டா ரோட்டுல இருந்து தெரியாதுன்னுவாங்க. ஒரு சுவருக்காக மொத்தத் தெருவும் நிக்கணுமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியும், இனி வியாபாரம் இல்லாத ஒவ்வொரு நாளும் இவர்கள் கண் இந்தச் சுவரில்தான் வந்து நிற்கும்.

"செவுரு உன்னுதுதான்" என்றாள் பாப்பம்மாள். "அதுக்காக எங்க பொழப்புல மண்ணப் போடணுமா? எழுத்துதானே, இன்னா, கடிக்கவா போவுது?"

"உன் தம்பிய வந்து சொல்லச் சொல்லு, கடிக்காதுன்னு."

பாப்பம்மாள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

ஏலவார்குழலி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தேரை வரையுங்க. எந்தச் சாமிய வேணா வரையுங்க. நான் வேணாம்னு சொல்லல. அந்தப் பேரு மட்டும் வேணாம். அதுக்கு மேல நீங்க இன்னா சொல்லிக்கினாலும் சரி."

அடுத்து மோகன்ராஜ்தான் தன்னைக் கெஞ்சப் போகிறார் என்று நினைத்தாள். பெருமாள் பேரைச் சொல்லி, தெருவின் பேரைச் சொல்லி. அதற்கும் மனதைக் கெட்டியாக்கிக்கொண்டாள்.

மோகன்ராஜ் ஆபீசர் பக்கம் திரும்பினார். "சார், அப்ப பெயிண்டும் வேணாம் சார். தப்பா எடுத்துக்காதீங்க."

ஆபீசருக்குக் கோபம் இல்லை, மேலதிகாரிகளிடம் என்ன சொல்வது என்ற கவலைதான் முகத்தில் தெரிந்தது. தலையாட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினார்.

"போச்சு" என்றார் சைக்கிள் கடைக்காரர். "இனிமே தண்ணில தொட்டு வரைய வேண்டியதுதான்."

மோகன்ராஜ் அதற்குள் தன் கடைக்குப் போய், உள்ளேயிருந்து ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியில் துரு ஏறியிருந்தது. "வூட்டு கிரில்லுக்கு வாங்கினது. காபிக் கலரு. பாதி கீது" என்று முக்காலி பக்கத்தில் வைத்தார்.

பிறகு தாவீது தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். கை அகலத்தில் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். "சர்ச்ல சிலுவைக்கு அடிச்ச சில்வர். மிச்சம். தேருக்கு அடிச்சா கர்த்தர் கோச்சுக்க மாட்டாரு." யாரோ சிரித்தார்கள். சைக்கிள் கடைக்காரர் மட்கார்டுக்கு அடிக்கிற நீலத்தைக் கொண்டுவந்தார். எல்லோரும் கொண்டுவரவில்லை. சிலர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் முணுமுணுத்தபடி போயே விட்டார்கள். பாப்பம்மாள் மட்டும் கடைசியில் வீட்டுக் கதவுக்கு அடித்த பச்சையை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து, மற்ற டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள்.

இசக்கிபாண்டி ஒவ்வொரு மூடியாகத் திறந்து, குச்சியால் கலக்கிப் பார்த்தான்.

"ஒரு கலரும் ஒரு முழுச் செவுத்துக்குக் காணாது அண்ணாச்சி. வடம் ஒவ்வொரு கடையிலயும் ஒவ்வொரு நிறமா மாறும்."

"மாறட்டும்பா" என்றார் மோகன்ராஜ். "இழுக்கிற கை வேற வேறதானே."

இப்போது எல்லோரும் மறுபடியும் ஏலவார்குழலியைப் பார்த்தார்கள். முன்பு பார்த்த பார்வை அல்ல இது. மனிதர்களைப் பற்றித் தான் கணக்குப் போட்டது முழுக்கத் தப்பில்லை. மோகன்ராஜ் ஒளித்தது உண்மை. ஆனால் ஒளித்த மனிதரேதான் இப்போது காரைத் திருப்பி அனுப்பியவரும். இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்ப்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

அவரருகே போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உன்னை நம்பிட்டேன்னு நெனைச்சுக்காத. தெனம் காலைல வந்து பார்ப்பேன். ஒரு எழுத்து இருந்தாலும் சுண்ணாம்பு ரெடியா கீது."

"பாருக்கா" என்றார் மோகன்ராஜ். "பார்க்கறதுக்குத்தானே செவுத்துல வரையறோம்."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு இசக்கிபாண்டியைப் பார்த்து, "தம்பி, வா. சுரண்டு" என்றாள்.

அவன் பெரிய சுவருக்கு வந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். சுவரை ஒட்டி வெளியேதான் அவளுடைய தோசை அடுப்பு இருந்தது. கடை திறந்த நாளிலிருந்து அது அங்கேதான். பஸ் இறங்குகிறவன் மூக்கில் முதலில் படுவது அந்த மணம்தான். அவன் அடுப்பைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"பொகை பட்டா பெயிண்டு காயாது, இல்ல?"

"காயும்க்கா. கொஞ்சம் கறுத்துப் போகும்."

ஞாயிற்றுக்கிழமை டிபன் நேரம். கல் காய்ந்திருந்தது. இரண்டு பேர் தோசைக்குக் காத்திருந்தார்கள். ஏலவார்குழலி கல்லை இறக்கி ஓரமாக வைத்தாள். அடுப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள். தனியாக நகர்த்த முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது மோகன்ராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கம் வந்து நின்றிருந்தார்.

"வெறுங்கையில புடிக்காத" என்று தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். "சூடா கீது."